யுரேனியம் வாங்குவதற்கு முன் நிபந்தனைகளை யார் படிக்கிறார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகன் (கோலாலம்பூர்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். 2025 ஜூலை 10-ஆம் தேதி, ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் நம் தலைநகரில் நடந்துகொண்டிருந்தபோது, வெளியுறவு அமைச்சர் முகமது ஹசானும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோவும் அணுசக்தி ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். செய்தி ஒரு நாள் ஓடியது. பிறகு எல்லாரும் அமெரிக்காவின் இறக்குமதி வரியைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அந்த வரிப் பேச்சு முடிந்து அக்டோபர் 26-ஆம் தேதி ஆசியான் உச்சநிலை மாநாட்டின்போது அமெரிக்காவுடன் கையெழுத்தான வாணிப ஒப்பந்தத்தில், அரிய மண் தாதுக்களையும் கோழி இறைச்சியையும் பற்றி நம்மவர்கள் நிறைய விவாதித்தார்கள். அதே ஆவணத்தில் "சில நாடுகளிடமிருந்து" அணு உலைகளையோ, எரிபொருள் தண்டுகளையோ, செறிவூட்டிய (உலையில் பிளவுபடும் பகுதியைக் கூட்டிய) யுரேனியத்தையோ மலேசியா வாங்கக் கூடாது, ஒத்த விதிமுறைகளில் வேறு விற்பனையாளர் இல்லாத நிலை மட்டுமே விலக்கு என்று ஒரு வரி இருக்கிறது. ஓர் அணுமின் நிலையம்கூட இல்லாத, கட்டுவதா வேண்டாமா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கும் நாடு, எரிபொருளை யாரிடம் வாங்கக் கூடாது என்பதற்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறது. இதைத்தான் இங்கே விவாதிக்க விரும்புகிறேன். அணுசக்தி நல்லதா கெட்டதா என்ற வழக்கமான சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான்: யுரேனியப் பேச்சுவார்த்தையில் விலை கடைசி விஷயம். வாங்கிய எரிபொருளை என்ன செய்யலாம், எரித்து முடித்த பிறகு அது யாருடையது, விற்பவர் பாதியில் நிறுத்தினால் நமக்கு என்ன வழி ஆகிய மூன்றையும் உலையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். உலையைக் கட்டிய பிறகு பேசுபவரிடம் பேரம் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு இந்தியாவின் தாராப்பூரைவிட நல்ல பாடம் இல்லை. 1963-இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில் இரண்டு உலைகள் எழுந்து 1969-இல் மின்சாரம் தந்தன. அவை செறிவூட்டிய யுரேனியத்தில் இயங்குபவை. முப்பது ஆண்டுகளுக்கு அந்த எரிபொருளைத் தருவதாக அமெரிக்கா வாக்களித்திருந்தது. 1974-இல் பொக்ரானில் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நடத்தியது. 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அணுப்பரவல் தடைச் சட்டத்தை நிறைவேற்றி, தன் நாட்டின் எல்லா அணுக்கூடங்களையும் பன்னாட்டுக் கண்காணிப்பின் கீழ் வைக்காத நாட்டுக்கு எரிபொருள் அனுப்பக் கூடாது என்றது. உடன்படிக்கை 1993 வரை உயிரோடு இருந்தும் எரிபொருள் வரத்து நின்றுபோனது. 1982-இல் இந்திரா காந்தியும் ரீகனும் பேசி, அமெரிக்காவுக்குப் பதிலாகப் பிரான்சு தருவதென்று ஏற்பாடாயிற்று. பிறகு சீனாவும் ரஷ்யாவும் தந்தன. இத்தனைக்கும் நடுவே, எரித்து முடித்த தண்டுகளை மறுபதப்படுத்த, அதாவது அவற்றிலிருந்து மறுபடி பயன்படும் எரிபொருளைப் பிரித்தெடுக்க, அமெரிக்கா இசைவு தராததால் அவை தாராப்பூரிலேயே பல பத்தாண்டுகள் கிடந்தன. ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டம் மாறினால் இன்னொரு நாட்டோடு செய்த உடன்படிக்கை எப்படிக் காகிதமாகும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

சோதனை நடத்தியது இந்தியாவின் தவறு, நாம் அணுஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் 1970-இலிருந்தே இருக்கிறோம், நமக்கு ஏன் இது வரப்போகிறது என்று சிலர் கேட்பீர்கள். காரணம் வேறாக இருக்கலாம், விளைவு ஒன்றுதான். ஒரே விற்பனையாளரை நம்பியிருப்பவருக்கு அவர் எந்தக் காரணத்துக்காகக் கையை இழுத்தாலும் உலை நிற்கும்.

செபராங் பிறை மின்பொறியாளர் (பினாங்கு) எழுதியது:

ஐயா, நீங்கள் எடுத்துவைத்த வரலாறு சரி. ஆனால் அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் அச்சப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆயிரம் மெகாவாட் அணு உலை ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 25 டன் செறிவூட்டிய எரிபொருளைப் பயன்படுத்துகிறது. அதே அளவு மின்சாரத்தைத் தரும் நிலக்கரி நிலையம் ஏறத்தாழ 30 லட்சம் டன் நிலக்கரியை எரிக்கிறது. நம் மஞ்சோங், தஞ்சோங் பின் மின்நிலையங்களில் வந்து இறங்கும் நிலக்கரி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்துதான். 2022 ஜனவரியில் ஜகார்த்தா தன் சொந்த மின்நிலையங்களுக்குப் போதவில்லை என்று சொல்லி ஒரே அறிவிப்பில் நிலக்கரி ஏற்றுமதியை நிறுத்திவைத்தது நினைவிருக்கும். அணை கட்டி வைத்த நீரைப் போல நிலக்கரியை ஆண்டுக்கணக்கில் குவித்துவைக்க எந்த நிலையத்திலும் இடமில்லை. அணு எரிபொருளோ, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வேண்டியதை ஒரு கிடங்கில் வைத்துப் பூட்டிவிடலாம். மேலும், எரிபொருளுக்கு ஆகும் மொத்தச் செலவு அணுமின் உற்பத்திச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2007-இல் ஒரு பவுண்டு யுரேனியம் 130 டாலரைத் தாண்டியது, 2016 இறுதியில் 20 டாலருக்குக் கீழே போனது, 2024 தொடக்கத்தில் மறுபடி நூறைக் கடந்தது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் அணுமின் கட்டணம் ஆட்டம் காணவில்லை.

சுரங்கங்களும் ஒரே இடத்தில் இல்லை. கஜகஸ்தான் உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தருகிறது. அடுத்து கனடா, நமீபியா, ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான் என்று வரிசை இருக்கிறது. ஆஸ்திரேலியா உலகிலேயே மிகப்பெரிய இருப்பை வைத்துக்கொண்டு, தனக்கென ஓர் அணுமின் நிலையம்கூட இல்லாமல், முழுவதையும் விற்றுக்கொண்டிருக்கிறது. இத்தனை பேர் விற்கும்போது 'ஒரே விற்பனையாளர்' என்ற கவலை எங்கிருந்து வருகிறது?

கிள்ளான் ஆற்றங்கரை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நம்மிடமே வெள்ளீயச் சுரங்கங்களில் கிடைத்த மோனசைட் தாது இருக்கிறதே, அதில் தோரியம் ஏராளம் என்கிறார்கள். நாமே அதைப் பயன்படுத்திக்கொண்டால் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை அல்லவா?

கிந்தா மைந்தன் (இப்போது ஜார்ஜ்டவுன்) எழுதியது:

சகோதரரே, தோரியத்தைத் தோண்டி எடுத்து அப்படியே உலையில் போட்டு எரிக்க முடியாது. அது முதலில் நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்க யுரேனியமோ புளூட்டோனியமோ வேண்டும். பிறகு அதைப் பிரித்தெடுக்க மறுபதப்படுத்தும் ஆலை வேண்டும். கேரளக் கடற்கரை மணலில் தோரியத்தைக் குவியலாக வைத்திருக்கும் இந்தியா, ஹோமி பாபா காலத்திலிருந்தே மூன்று கட்டத் திட்டம் போட்டு உழைக்கிறது. கல்பாக்கத்தில் யுரேனியம்-233-இல் இயங்கும் காமினி என்ற சிற்றுலை 1996-இலிருந்து இருக்கிறது. அதன் திறன் 30 கிலோவாட். வணிக அளவில் தோரிய மின்சாரம் இன்னும் வரவில்லை.

தோரியத்தோடு நமக்கு இருக்கும் உறவு வேறு வகையானது. பேராக்கில், ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள புக்கிட் மேராவில் மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்த ஆலையின் கழிவில் இருந்ததும் இதே தோரியம்தான். ஊர் மக்கள் வழக்கு தொடுத்து, 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்று, 1993-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஆனாலும் ஆலை 1994-இல் மூடப்பட்டது. கழிவை அகற்றிக் கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கும் வேலை அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. வாங்கும்போது கழிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதற்கு இது நம் மண்ணிலேயே நடந்த சான்று. ஆகவே பிரிக்பீல்ட்ஸ் ஐயா எழுப்பிய மூன்று கேள்விகளில் இரண்டாவதைத்தான், அதாவது எரித்து முடித்தது யாருடையது என்பதைத்தான், நான் முதலில் வைப்பேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன் எழுதியது:

பொறியாளர் ஐயாவுக்கு: சுரங்கம் பலரிடம் இருப்பது உண்மை. ஆனால் சுரங்கத்திலிருந்து உலைக்கு வர நான்கு படிகள் இருக்கின்றன. தாதுவைப் பதப்படுத்தி மஞ்சள் தூளாக்குவது முதற்படி. அதை வாயுவாக மாற்றுவது இரண்டாவது. இயற்கை யுரேனியத்தில் 0.7 விழுக்காடே உள்ள, பிளவுபடும் யுரேனியம்-235-ஐ மூன்று முதல் ஐந்து விழுக்காட்டுக்கு உயர்த்தும் செறிவூட்டல் மூன்றாவது. உலையின் அளவுக்கேற்பத் தண்டுகளாகக் கோத்துக் கட்டுவது நான்காவது. முதற்படியில் சந்தை இருக்கிறது. மூன்றாம் படியில் உலகம் முழுவதற்கும் ரஷ்யாவின் ரோசாட்டம், ஐரோப்பாவின் யுரென்கோ, பிரான்சின் ஒரானோ, சீனாவின் அரசு நிறுவனம் என்று நான்கு பேர்தான்; அதில் ரஷ்யாவின் பங்கு ஐந்தில் இரண்டுக்குக் குறையாது. அமெரிக்காவே இதில் மாட்டிக்கொண்டது. 2024 மே மாதத்தில் ரஷ்ய யுரேனியத்துக்குத் தடைச் சட்டம் போட்டவர்கள், வேறு வழியில்லாதவர்களுக்கு 2027 இறுதி வரை விலக்களிக்கவும் அதே சட்டத்தில் இடம் வைத்தார்கள். நவம்பரில் ரஷ்யா தன் பங்குக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது.

நான்காம் படிதான் உங்கள் கிடங்குக் கணக்கைக் குலைக்கிறது. ஒரு வகை உலைக்குச் செய்த தண்டுக்கட்டு இன்னொரு வகை உலையில் பொருந்தாது. உக்ரைனின் உலைகள் சோவியத் வடிவமைப்பு கொண்டவை. ரஷ்ய எரிபொருளிலிருந்து விலக விரும்பி, அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த தண்டுகளை 2005-இல் சோதனைக்காக இட்டார்கள். முழுமையாக மாற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. பல்கேரியாவின் கொஸ்லோதுய் நிலையம் 2024-இல்தான் அந்த மாற்றத்தைத் தொடங்கியது. ஆக, உலையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே எரிபொருள் தருபவரையும் ஒரு தலைமுறைக்குத் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். இப்போது எல்லாரும் பேசும் சிறிய உலைகளில் பலவற்றுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டிய எரிபொருள் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதை வணிக அளவில் தருபவர் ரஷ்யாவைத் தவிர அரிது; நம் வாணிப ஒப்பந்தத்தில் உள்ள "சில நாடுகள்" எவை என்று ஊகிப்பதும் கடினமில்லை.

பங்சார் வழக்கறிஞர் எழுதியது:

சட்டப் பக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் புரிந்துணர்வு ஒப்பந்தத்தையும் உடன்படிக்கையையும் பலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஜூலையில் கையெழுத்தானது கட்டுப்படுத்தாத ஆவணம்; அதைக்கொண்டு ஒரு கிலோ யுரேனியமும் அமெரிக்காவிலிருந்து வராது. அதற்கு அவர்களுடைய 1954-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 123-ஆவது பிரிவின் கீழ் தனி உடன்படிக்கை வேண்டும். அந்த உடன்படிக்கையில் இருக்க வேண்டிய நிபந்தனைகளையும் அவர்கள் சட்டமே சொல்லிவிடுகிறது: கண்காணிப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும், மூன்றாம் நாட்டுக்கு மாற்றக் கூடாது, அமெரிக்காவின் இசைவின்றிச் செறிவூட்டவோ மறுபதப்படுத்தவோ கூடாது, வெடிப்புச் சோதனை நடத்தினால் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. இவற்றில் பேரத்துக்கு இடம் குறைவு.

இடமிருப்பது வேறு இரண்டு இடங்களில். 2009-இல் ஐக்கிய அரபு சிற்றரசுகள் அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கையில், செறிவூட்டலையும் மறுபதப்படுத்தலையும் தம் மண்ணில் செய்வதே இல்லை என்று சட்டப்படி துறந்தார்கள். ஆனால் சும்மா துறக்கவில்லை. அந்த வட்டாரத்தில் வேறு எந்த நாட்டுக்காவது இதைவிடச் சலுகை தரப்பட்டால், தங்கள் உடன்படிக்கையையும் திருத்தக் கேட்கலாம் என்ற உறுதியை எழுதி வாங்கினார்கள். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு வியட்நாம் செய்த உடன்படிக்கையில், அதே துறவு முகவுரையில் ஓர் அரசியல் விருப்பமாக மட்டும் வந்தது. கட்டுப்படுத்தும் பிரிவாக வரவில்லை. நம் அண்டை நாடுகளான பிலிப்பைன்சும் சிங்கப்பூரும் ஏற்கெனவே இத்தகைய உடன்படிக்கைகளை முடித்து, இரண்டும் 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டன. தாய்லாந்தும் 2025 ஜனவரியில் கையெழுத்திட்டது. ஆசியானில் எவருக்கு எந்தச் சலுகை கிடைத்தாலும் அது நமக்கும் உண்டு என்று கேட்க நமக்கு வலுவான முன்மாதிரி இருக்கிறது. நம் பேச்சாளர்கள் அதைக் கேட்டார்களா என்பதை நாடாளுமன்றத்தில் எவராவது எழுப்ப வேண்டும்.

அமெரிக்கா வேண்டாம், தென்கொரியாவிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். அபுதாபியின் பராக்காவில் கொரியர்கள் கட்டிய நான்கு உலைகளின் வடிவமைப்பு அமெரிக்கத் தொழில்நுட்பத்திலிருந்து வளர்ந்தது. ஆகவே அபுதாபி கொரியாவிடம் வாங்கியபோதும் வாஷிங்டனுடனான உடன்படிக்கை தேவைப்பட்டது. கொரிய நிறுவனத்துக்கும் வெஸ்டிங்ஹவுசுக்கும் இடையே இது குறித்து நடந்த வழக்கு 2025 ஜனவரியில்தான் சமரசமாயிற்று. ரஷ்யாவையும் சீனாவையும் விலக்கிவிட்டால், எந்த வாசல் வழியாகப் போனாலும் இதே கூடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

நெல்லைச் சீமை (செந்தூல்) எழுதியது:

என் உறவினர்கள் இன்றும் கூடங்குளத்துக்கு அருகில் வாழ்கிறார்கள் என்பதால் இந்த இழையைக் கவனமாகப் படித்துவருகிறேன். ராஜீவ் காந்தியும் கொர்பசேவும் 1988 நவம்பரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, எரித்து முடித்த தண்டுகள் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிப் போவதாக இருந்தது. சோவியத் உடைந்து, 1998-இல் துணை உடன்பாடு எழுதியபோது அந்த ஏற்பாடு மாறி, எரிந்த எரிபொருள் இந்தியாவுக்கே உரியது என்றாயிற்று. தில்லியில் அதை வெற்றி என்று கருதினார்கள், ஏனெனில் அதை மறுபதப்படுத்திப் புளூட்டோனியம் எடுக்கலாம். இடிந்தகரையில் இருப்பவர்களுக்கு அது கழிவு எங்கும் போகாது என்ற செய்தியாகத்தான் கேட்டது. நிலைய வளாகத்திலேயே அதற்குத் தனிக் கிடங்கு அமைக்க 2019 ஜூலையில் அறிவித்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், எதிர்ப்பின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. ஒரே பிரிவை ஒரு தலைநகரம் உரிமையாகவும் ஒரு மீனவக் கிராமம் சுமையாகவும் படிக்கும். மறுபதப்படுத்தும் எண்ணமே இல்லாத மலேசியாவுக்கு அந்த உரிமையால் பயனில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளும் உறுதியை எழுதி வாங்குவதுதான் நமக்குப் பொருந்தும்.

செபராங் பிறை மின்பொறியாளர் எழுதியது:

தண்டுக்கட்டு பற்றிய வாதம் வலுவானது. அதற்கு விடை, ஒரே உலைக்கு இரண்டு ஆலைகள் எரிபொருள் செய்யும் தகுதி பெற்ற வடிவமைப்பையே தேர்ந்தெடுப்பது என்று சொல்வேன். ஆனால் இந்தியாவின் கதையைத் தாராப்பூரோடு நிறுத்திவிட்டீர்கள். 2005-இல் மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் தொடங்கிய அணுசக்தி ஒத்துழைப்புப் பேச்சு, இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகும் 2008 ஜூலை 22-ஆம் தேதி நம்பிக்கை வாக்கில் தப்பி, செப்டம்பர் 6-ஆம் தேதி வியன்னாவில் அணுப்பொருள் விநியோக நாடுகள் குழுவின் 45 உறுப்பு நாடுகளிடமிருந்து வாணிபத் தடைக்கு விலக்கைப் பெற்றது. அப்போது உள்நாட்டு யுரேனியம் போதாமல் இந்திய உலைகள் ஏறத்தாழ பாதித் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதன் பிறகு ரஷ்யா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், 2015 ஒப்பந்தத்தின்படி கனடா என்று வரத்து பெருகியது. பொக்ரானுக்குப் பிறகு முதலில் கதவடைத்த நாடு கனடாதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பேச்சுவார்த்தையால் மீள முடியும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன் எழுதியது:

மீண்டார்கள், மறுக்கவில்லை, 1974-இலிருந்து 2008 வரை ஆயிற்று. அந்த உடன்படிக்கையில் இந்தியா தாராப்பூர்ப் பாடத்தை வரிக்கு வரி எழுதி வாங்கியது என்பதுதான் எனக்கு முக்கியம். உலைகளின் ஆயுட்காலத்துக்குப் போதுமான எரிபொருள் இருப்பு வைத்துக்கொள்ளும் உரிமை, வரத்து தடைப்பட்டால் ரஷ்யா, பிரான்சு, பிரிட்டன் போன்ற நட்பு நாடுகளைக் கூட்டி மாற்று வழி தேடும் கடமை, மறுபதப்படுத்தலுக்கு முன்கூட்டிய இசைவு ஆகியவை அதில் இருக்கின்றன. மறுபதப்படுத்தும் நடைமுறைக்கான ஏற்பாடு 2010-இல் தனியாகக் கையெழுத்தானது. விசித்திரம் என்னவென்றால், இத்தனை பாடுபட்டும் அதன் பிறகு புதிதாக ஓர் அமெரிக்க உலைகூட இந்தியாவில் இதுவரை எழவில்லை. வந்தது யுரேனியம்தான், அதுவும் பெரும்பாலும் மற்ற நாடுகளிலிருந்து.

நமக்கு இந்தியாவின் எடை கிடையாது. அதனால்தான் ஒரு பொதுக் கிடங்கைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பன்னாட்டு அணுசக்தி முகமை கஜகஸ்தானின் ஒஸ்கெமென் நகரில் மின்உலைகளுக்கு வேண்டிய குறைசெறிவூட்டிய யுரேனியத்துக்கான வங்கி ஒன்றை 2017-இல் திறந்து, 2019-இல் எரிபொருளை நிரப்பியது. கொள்ளளவு 90 டன். அரசியல் காரணங்களால் சந்தையில் வாங்க முடியாமற்போன உறுப்பு நாடு, கண்காணிப்பு விதிகளுக்கு உட்பட்டிருந்தால், விலை கொடுத்து அதிலிருந்து பெறலாம். ஓர் உலையை முதன்முறை நிரப்பும் அளவுக்குத்தான் அது வரும். தண்டாகக் கட்டிக்கொள்வதும் நம் பாடு. இருந்தாலும், எவர் தயவும் இல்லாமல் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய மிகச் சில கையிருப்புகளில் அது ஒன்று. 1969-இலிருந்து முகமையில் உறுப்பினராக இருந்து, பாங்கியில் ஒரு மெகாவாட் ஆராய்ச்சி உலையை 1982-இலிருந்து ஒழுங்காக நடத்திவரும் நமக்கு அங்கே நல்ல பெயர் உண்டு.

வாணிப ஒப்பந்தத்தின் அந்த வரியில் "ஒத்த விதிமுறைகள்" என்று இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று வழக்கறிஞர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

பங்சார் வழக்கறிஞர் எழுதியது:

அந்த விலக்குதான் நம் கையில் உள்ள துருப்பு, ஐயா. ஒத்த விதிமுறை என்பதற்கு விலை மட்டும் பொருளல்ல என்று வாதிட முடியும். ஒரு நாடு எரிந்த எரிபொருளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று முன்வந்து, அமெரிக்காவோ அதன் நட்பு நாடுகளோ அப்படி முன்வராவிட்டால், இரண்டும் ஒத்த விதிமுறைகள் ஆகா. ஆனால் யார் அதைத் தீர்மானிப்பது என்பதை 123-ஆவது பிரிவு உடன்படிக்கையின் பேச்சு தொடங்குமுன் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டால் அது நம் விளக்கம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு, அடுத்த கூட்டத்தொடரில் எழுத்துப்பூர்வ விடைக்காக இந்தக் கேள்வியை இன்றே அனுப்புகிறேன். மற்ற தொகுதிக்காரர்களும் தங்கள் உறுப்பினர்களிடம் கழிவைத் திருப்பி அனுப்புவது பற்றித் தனியாகக் கேளுங்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் ஒரே விடையைப் பத்து முறை தருவார்கள்.